யாக்கிசோபாவுக்கு வாணலி வேண்டாம், தோசைக்கல்லை ஏற்றுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒசாகாவில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தங்கைக்காக வீட்டில் யாக்கிசோபா, அதாவது ஜப்பானியர் இரும்புக்கல்லில் வாட்டிச் சாஸ் ஊற்றும் நூடுல்ஸ், செய்தீர்கள். ஹக்கா நூடுல்ஸை வேகவைத்து வடித்து, வாணலியில் முட்டைக்கோஸும் கேரட்டும் வதக்கி, சோயா சாஸ் ஊற்றிப் புரட்டினீர்கள். நூடுல்ஸ் குழைந்தது, முட்டைக்கோஸ் தண்ணீர் விட்டது. தங்கை சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அது இல்ல" என்று சொல்லிவிட்டாள். தவறு எங்கே, நம் ஊரில் கிடைக்கும் சாமானை வைத்து அந்த வாசனையைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஷிசுவோக்கா மாநிலத்தில் ஏழு ஆண்டு குடும்பத்தோடு குடியிருந்தேன். இப்போது சென்னையில் மாதம் இரண்டு முறையாவது இதைச் செய்கிறேன். நீங்கள் செய்த விதத்தில் மூன்று இடங்களை மாற்ற வேண்டும்: சாஸ், நூடுல்ஸ், பாத்திரம். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சங்கதி. யாக்கிசோபா ஈரத்தை விரட்டிச் செய்கிற பண்டம். "யாக்கி" என்றால் சூட்டில் வாட்டியது, சுட்டது என்று பொருள். நீங்கள் செய்தது, உங்களை அறியாமல், ஆவியில் வெந்த நூடுல்ஸ்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் கடையிலேயே தடுக்கி விழுவது இங்கேதான். "சோபா" என்று அட்டையில் எழுதியிருக்கும் பழுப்புநிறக் காய்ந்த நூடுல்ஸ், இறக்குமதிச் சரக்கு விற்கும் கடைகளில் கிடைக்கிறது. அது பக்வீட் என்னும் தானியத்தில் செய்தது. அதை வாங்கி வறுத்தால் துண்டு துண்டாக உடையும், வாசனையும் ஒத்துவராது. யாக்கிசோபாவில் பக்வீட் ஒரு துளிகூட இல்லை. அது கோதுமை மாவில் செய்த சீன வகை நூடுல்ஸ். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இந்தப் பெயர்க் குழப்பத்தால் ஜப்பானின் தென்கோடித் தீவுப் பகுதியான ஒகினாவாவில் பெரிய இழுபறியே நடந்திருக்கிறது. அங்கே உள்ள "ஒகினாவா சோபா"வும் முழுக்கக் கோதுமைதான். பக்வீட் இல்லாததை சோபா என்று விற்கக் கூடாது என்று 1976-இல் ஜப்பானின் நியாய வணிக ஆணையம் தடுத்தது. நூடுல்ஸ் தயாரிப்பாளர்கள் விடாமல் போராடி, 1978 அக்டோபர் 17 அன்று அந்தப் பெயருக்கு அனுமதி வாங்கினார்கள். இன்றும் அக்டோபர் 17 அங்கே ஒகினாவா சோபா நாள்.

இனி சாஸ். தங்கை "இது அது இல்ல" என்று சொன்னதற்குப் பாதிக் காரணம் சோயா சாஸ். சோயா சாஸுக்கு ஜப்பானியர் "ஷோயு" என்பார்கள். வெறுமனே "சோசு" என்றால் அது வேறு: ஆங்கிலேயரின் வூஸ்டர் சாஸ் மெய்ஜி காலத்தில் (பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்) ஜப்பானுக்குப் போய், அங்கேயே வளர்ந்து, இனிப்பும் பழச்சாறும் கூடி மாறிய பிள்ளை. தக்காளி, வெங்காயம், ஆப்பிள், காடி (வினிகர்), சர்க்கரை, உப்பு, கிராம்பு, பட்டை, மிளகு என்று நமக்கு அந்நியமில்லாத சாமான்கள்தான் உள்ளே இருக்கின்றன. அங்கே இதைக் கெட்டித்தன்மையை அளந்து மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பாகுத்தன்மை 0.2 பாஸ்கல்-நொடிக்குக் கீழே இருந்தால் வூஸ்டர். 0.2 முதல் 2.0 வரை "சூனோ", அதாவது நடுக்கெட்டி. அதற்கு மேலே போனால், பொரித்த பன்றிக்கறிக்கு ஊற்றும் டொன்கட்சு சாஸ் போன்ற கெட்டி வகை. டோக்கியோ பக்கத்து வீடுகளில் சூனோ பாட்டில் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். ஒசாகா பக்கம் நீர்த்ததும் கெட்டியும் தனித்தனியாக வைத்திருப்பார்கள். யாக்கிசோபாவுக்கென்றே கலந்து விற்கும் பாட்டில்களும் உண்டு.

நம் ஊர்ப் பெரிய மளிகைக் கடைகளில் ஆங்கிலேய வகை வூஸ்டர் சாஸ் கிடைக்கும். அதன் மூலச் செய்முறையில் புளி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நெத்திலி மீனும் புளியும் காடியும் சேர்ந்து ஊறியதுதான் அந்தப் புளிப்பு. இரண்டு பேருக்கான அளவு சொல்கிறேன்: வூஸ்டர் சாஸ் 3 மேசைக்கரண்டி, ஆய்ஸ்டர் சாஸ் 1 மேசைக்கரண்டி, தக்காளி கெட்சப் 1 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 2 தேக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி. இதைக் கலந்து அப்படியே ஊற்றாதீர்கள். சின்னக் கிண்ணத்தில் சிறு தீயில் வைத்து, மூன்றில் இரண்டு பங்காகச் சுண்டவிடுங்கள். ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 30 மில்லி வரும், அதற்கு மேல் வேண்டாம். முன்கூட்டியே சுண்டவைப்பது என் வழக்கம். சாஸில் இருக்கும் தண்ணீரைக் கல்லில் வற்றவைப்பதைவிட கிண்ணத்தில் வற்றவைப்பது மேல்.

நீங்கள் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் செய்ய வேண்டும் என்றால், வூஸ்டரில் மீனும் ஆய்ஸ்டர் சாஸில் சிப்பியும் இருப்பதைக் கவனியுங்கள். ஜப்பானிய சாஸ்களில் பெரும்பாலும் மீன் இருக்காது என்றாலும் இறைச்சிச் சாறு சேர்த்தவை உண்டு. நூடுல்ஸ் பொட்டலத்தோடு வரும் சாஸ் தூள்களில் பன்றி, கோழிச் சாறு அடிக்கடி இருக்கும், பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதனால் என் அம்மாவுக்காக நான் இப்படிச் செய்கிறேன். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 6, தக்காளி 1, வெங்காயம் பாதி, ஆப்பிள் கால் பங்கு, இவற்றை அரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து அரைத்து வடிகட்டுங்கள். அதில் காடி 3 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, கெட்டிப் புளிக்கரைசல் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, கிராம்பு 2, சின்னத் துண்டு பட்டை, ஒரு பிரிஞ்சி இலை போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மசாலாவை எடுத்துவிடுங்கள். பேரீச்சை என் கண்டுபிடிப்பு அல்ல. ஹிரோஷிமாவின் ஒட்டாஃபுக்கு நிறுவனம் தன் ஒகோனோமியாக்கி (முட்டைக்கோஸ் சேர்த்துக் கல்லில் சுடும் மாவு அடை) சாஸின் இனிப்புக்கு அதைத்தான் சேர்க்கிறது. இந்தச் சாஸ் குளிர்பெட்டியில் இரண்டு வாரம் நிற்கும்.

சாஸைவிட நூடுல்ஸ்தான் கடினமான பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஜப்பானில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் குளிர்ப்பெட்டி வரிசையில் மூன்று பேருக்கான யாக்கிசோபா பொட்டலம் இருக்கும். தோயோ சுய்சான் நிறுவனம் மாருச்சான் என்ற பெயரில் 1975-இல் விற்கத் தொடங்கியது இன்றும் பிரபலம். உள்ளே ஆளுக்கு 150 கிராம் வீதம் மூன்று கட்டு நூடுல்ஸும் மூன்று சாஸ் தூள் பொட்டலங்களும் இருக்கும். அந்த நூடுல்ஸ் "முஷிமென்", அதாவது ஏற்கெனவே ஆவியில் அவித்து, எண்ணெய் தடவி, ஆறவைத்தது. தண்ணீரில் கொதிக்கவைத்த நூடுல்ஸ் தன் உடம்பெல்லாம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஆவியில் அவித்தது குறைவாகத்தான் குடிக்கும். ஆறும்போது மாவுச்சத்து இறுகிவிடுவதால் பிறகு கல்லில் போட்டாலும் இழை இழையாக நிற்கும்.

இது நமக்குப் புதிதில்லை. இடியாப்பத்தை இறக்கிய சூட்டில் உதிர்த்துத் தாளித்தால் களியாகும். நன்றாக ஆறவைத்து உதிர்த்தால் எலுமிச்சை சேவை பொலபொலவென்று வரும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இந்தப் பதத்தை நூடுல்ஸ் என்றதும் மறந்துவிடுகிறோம். வடித்த சூட்டோடு வாணலியில் கொட்டுகிறோம்.

ஹக்கா நூடுல்ஸை வைத்துச் செய்வதானால்: பொட்டலத்தில் சொன்ன நேரத்தைவிட ஒரு நிமிடம் முன்னதாக வடித்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் அலசி, வடிதட்டைப் பலமாக உதறுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, அகலத் தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் வையுங்கள். தொட்டால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இன்னும் நன்றாக வர வேண்டுமென்றால் முதல் நாள் இரவே செய்து, மூடாமல் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் மதியத்துக்கு மிக அருமையாக இருக்கும்.

ஆனால் ஹக்கா நூடுல்ஸில் ஒன்று குறையும். ஜப்பானிய நூடுல்ஸில் "கான்சுய்" என்ற காரக் கரைசல் (மிளகாய்க் காரமல்ல, சோடா போன்ற காரம்) சேர்க்கிறார்கள். பொட்டாசியம் கார்பனேட்டும் சோடியம் கார்பனேட்டும்தான் அதன் முக்கியச் சரக்கு. மாவை மஞ்சளாக்குவதும், இழுத்தால் ரப்பர்போல் எதிர்த்து நிற்க வைப்பதும், அந்தத் தனி மணத்தைத் தருவதும் அதுதான். மஞ்சளுக்கு முட்டை காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு, அநேகமாக இல்லை. சோடா கூடிப்போன மைதா போண்டாவைப் பிட்டால் உள்ளே மஞ்சள் பூத்திருக்குமே, அதே வேதியியல்தான். கோதுமையில் இருக்கும் நிறமற்ற ஃபிளேவனாய்டுகள் காரம் பட்டால் மஞ்சளாகும்.

இதை வீட்டில் பெற எளிய வழி ஸ்பகெட்டியும் சமையல் சோடாவும். கிடைப்பதிலேயே மெல்லிய ஸ்பகெட்டியாக 150 கிராம் எடுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போடுங்கள். பொங்கி வழியும், ஆகவே பெரிய பாத்திரமாக இருக்கட்டும், சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். அட்டையில் சொன்ன நேரம் வேகவைத்து, நன்றாக அலசுங்கள். அலசாவிட்டால் நாக்கில் சவர்க்காரச் சுவை தட்டும். பிறகு மேலே சொன்னபடி எண்ணெய் தடவி உலர்த்தல். ஜப்பானுக்கு வெளியே வாழும் ஜப்பானியர்கள் கான்சுய் சேர்த்த ராமென் நூடுல்ஸ் கிடைக்காத ஊர்களில் செய்யும் வேலை இது. ஹக்காவைவிட எனக்கு இதுவே பிடிக்கும்.

பிசைந்து வெட்டத் தெம்பு இருந்தால் அடுத்த படியும் உண்டு. சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி, ஓவனில் 120 முதல் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் கரியமில வாயுவும் நீரும் வெளியேறி சோடியம் கார்பனேட் கிடைக்கும். உணவு வேதியியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ 2010-இல் எழுதிப் பரவலான முறை இது. 200 கிராம் மைதாவுக்கு இதில் 2 கிராம், உப்பு 2 கிராம், தண்ணீர் 80 மில்லி. மாவு உதிரியாகத்தான் இருக்கும், உருட்டித் துணிபோட்டு அரை மணி நேரம் விட்டால் பிடிக்கு வரும். மெல்லியதாகத் தேய்த்து, நூலாக வெட்டி, இட்லிப் பானையில் துணிமேல் பரப்பிப் பத்து நிமிடம் அவியுங்கள். எடுத்துக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி வடித்து, எண்ணெய் தடவி ஆறவிடுங்கள். சுட்ட சோடா கையைக் கடிக்கும், வெறுங்கையால் அள்ள வேண்டாம், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

நூடுல்ஸ் விஷயத்தில் எனக்குக் கண்ணைத் திறந்தது ஃபூஜினோமியா என்ற ஊர். ஃபூஜி மலையின் தென்மேற்கு அடிவாரத்தில், நாங்கள் இருந்த அதே ஷிசுவோக்கா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே பெரிய சென்கென் கோயிலுக்கு எதிரே ஓமியா யோக்கோச்சோ என்று ஒரு சின்னச் சந்து, முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். முதல் வாய் வைத்ததும் "வேகவில்லையோ" என்று தோன்றியது. அவ்வளவு விறைப்பு. பிறகுதான் தெரிந்தது, அந்த ஊர் நூடுல்ஸை அவித்தபின் திரும்பத் தண்ணீரில் முக்குவதில்லை. அவித்து, சட்டென்று குளிரவைத்து, எண்ணெய் பூசிவிடுகிறார்கள். கல்லில் கடைக்காரர் தெளிக்கும் கொஞ்சம் தண்ணீரில் மட்டுமே அது இளகுகிறது. பன்றிக் கொழுப்பை உருக்கி வடித்தபின் மிஞ்சும் சக்கை, அங்கே "நிக்குகாசு" என்பார்கள், அதைச் சேர்ப்பார்கள். கடைசியில் மத்தி போன்ற மீன்களைக் காயவைத்துப் பொடித்த தூளை மேலே தூவுவார்கள். ஊர் ஊராக எளிய உணவுகள் போட்டியிடும் பி-1 கிராண்ட் பிரீ 2006-இல் முதன்முதலாக ஹச்சினோஹேயில் நடந்தபோது முதலிடம் ஃபூஜினோமியாவுக்கு, 2007-இலும் அதற்கே.

அந்த மீன்தூள் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானில் யாக்கிசோபாமேல் தூவும் கட்சுவோபுஷி சீவல், சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்தது. நம் மாசிக் கருவாடும் அதே இனச் சூரையை அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்ததுதான். மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் இருந்து தூத்துக்குடிப் பக்கத்துக்கும் இலங்கைக்கும் வந்த அந்தக் கட்டை, ஜப்பானியக் கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. இலங்கையில் மாசிச் சம்பல் சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். கட்சுவோபுஷி தேடி அலைய வேண்டாம். மாசியை இடித்து, சலித்து, மெல்லிய தூளை மட்டும் கடைசியில் ஓர் அரைத் தேக்கரண்டி தூவுங்கள். மாசி கிடைக்காவிட்டால் தலை நீக்கிய நெத்திலிக் கருவாட்டை வெறும் சட்டியில் வறுத்துப் பொடிக்கலாம். உப்பு இருக்கும், சாஸைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாத்திரம். வாணலி சீனச் சமையலின் கருவி. யாக்கிசோபா பிறந்து வளர்ந்தது டெப்பான் என்ற தட்டை இரும்புப் பலகையில். இந்த வேறுபாட்டைப் பலர் சின்னதாக நினைக்கிறார்கள். எனக்கு இதுவே தலையாயது. வாணலியில் தண்ணீர் விட்டால் எல்லாம் குழிவான அடியில் போய்த் தேங்கும், நூடுல்ஸ் அதில் உட்கார்ந்து வேகும். சுற்றுச் சுவர் ஆவியைப் பிடித்து மறுபடி உள்ளேயே தள்ளும். தட்டைக் கல்லில் ஆவி நான்கு பக்கமும் ஓடிவிடும், நூடுல்ஸின் அதிக இழைகள் நேராக இரும்பைத் தொடும்.

கணக்கும் சொல்கிறேன். ஒரு கிராம் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 70 கலோரி போதும். கொதிக்கும் அதே தண்ணீரை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். முட்டைக்கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். கல்லில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமாகி மணம் வர 140 டிகிரிக்கு மேலே போக வேண்டும். வீட்டு அடுப்பின் தீ முழுவதும் தண்ணீரை விரட்டுவதிலேயே செலவாகிவிட்டால் வாட்டுவதற்கு என்ன மிஞ்சும்? கோடைத் திருவிழாக் கடைகளில் அவர்கள் நூடுல்ஸ்மேல் தாராளமாகத் தண்ணீர் தெளிப்பதைத் தங்கை பார்த்திருப்பாள். அவர்களுடைய இரும்பு கனமானது, அடியில் எரிவது பெருந்தீ, தெளித்த தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் ஆவியாகும். வீட்டில் அதைப் பின்பற்றக் கூடாது. பொட்டலத்தின் பின்னால் 50 மில்லி தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தாலும் நான் ஊற்றுவதில்லை. குளிர்ந்து கட்டியாக இருக்கும் நூடுல்ஸை மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தால் தண்ணீர் இல்லாமலே பிரியும்.

எங்கள் அடுக்ககத்தின் கோடைத் திருவிழாவில் யாக்கிசோபாப் பலகைக்கு எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் பொறுப்பு. இரண்டாம் ஆண்டு என்னை உதவிக்கு நிறுத்தினார். நான் ஓயாமல் கிளறுவதைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த கரண்டிகளை மெல்ல வாங்கிப் பலகையின் ஓரத்தில் வைத்தார். "நூடுல்ஸ் அங்கேயே இருக்கட்டும், கூப்பிடும்போது போ" என்றார். எப்போது கூப்பிடும் என்று கேட்டேன். "சத்தம் மாறும்" என்றார். ஈரம் இருக்கும்போது புஸ்ஸென்று இரைகிற சத்தம், ஈரம் போனபின் பொரிகிற சடசடப்பாகிறது. அதன்பிறகு நான் காதால்தான் சமைக்கிறேன்.

எனவே இரும்புத் தோசைக்கல்லை எடுங்கள். ஓரம் சற்று உயர்ந்த பழைய கல் இருந்தால் சிறப்பு. ஒரு முறைக்கு ஓர் ஆளுக்கு மட்டும். நான்கு பேருக்கு வேண்டுமென்றால் நான்கு முறை. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இரண்டு பங்கை ஒன்றாகப் போட்ட அந்தக் கணத்தில் கல்லின் சூடு இறங்கிவிடும்.

ஓர் ஆளுக்கு வெந்து உலர்த்திய நூடுல்ஸ் 150 கிராம், முட்டைக்கோஸ் 80 கிராம், மெல்லியதாகச் சீவிய கேரட் கொஞ்சம், வெங்காயம் கால், பயறு முளை ஒரு கைப்பிடி. இறைச்சி என்றால் அங்கே பன்றி வயிற்றுக்கறியின் மெல்லிய சீவல்தான் வழக்கம், 50 கிராம் போதும். கோழித் தொடைக்கறியைத் தோலோடு மெல்லியதாக நறுக்கிப் போட்டாலும் பொருந்தும். மரக்கறிக்குக் காளான், ஆனால் அதைத் தனியாக வறுத்து நீர் வற்றவைத்துச் சேருங்கள். முட்டைக்கோஸைப் பொரியலுக்கு நறுக்குவதுபோல் பொடியாக நறுக்காதீர்கள். தீப்பெட்டியின் அகலத்துக்குச் சதுரமாக வெட்டுங்கள், நடுத்தண்டை மட்டும் மெல்லியதாகச் சீவுங்கள். கழுவினால் துணியில் துடைத்துவிடுங்கள். உப்பு போடவே வேண்டாம், உப்பு பட்டால் உடனே தண்ணீர் விடும்.

கல்லை நன்றாகக் காயவிட்டு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். நூடுல்ஸைக் கல் முழுதும் அடைபோலப் பரப்புங்கள். இரண்டரை, மூன்று நிமிடம் தொடாதீர்கள். ஓரம் பொன்னிறமாகத் தெரியும்போது தோசைத்திருப்பியால் அடையைத் திருப்புவதுபோலத் திருப்பி, இன்னொரு நிமிடம். இடையிடையே முறுகலும் மென்மையுமாக இருக்கும். எடுத்துத் தட்டில் வையுங்கள். அதே கல்லில் இறைச்சியைப் பரப்பி, கொழுப்பு உருகி ஓரம் சிவந்ததும் வெங்காயம், கேரட், கடைசியாக முட்டைக்கோஸும் முளையும். பெருந்தீ, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முட்டைக்கோஸ் கடித்தால் இன்னும் நறுக்கென்று இருக்கும்போதே நூடுல்ஸை அதன்மேல் போடுங்கள்.

இப்போது சாஸ். முழுவதையும் நூடுல்ஸின் உச்சியிலேயே ஊற்றாமல், பாதியை அதன்மேலும் பாதியைச் சுற்றிலும் வெறுங்கல்லிலும் வட்டமாக ஊற்றுங்கள். சுர்ரென்று எழும் அந்தப் புகைதான் தங்கை கேட்கும் வாசனை. காடியின் கூர்மை ஆவியோடு பறந்துவிடும். சர்க்கரையும் பழச்சாறும் சூடான இரும்பில் பட்டுச் சிவக்கும். தொண்டை கமறும், சன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டு திருப்பிகளை வைத்துக் கீழிருந்து தூக்கித் தூக்கிப் போட்டு, முப்பது நொடியில் இறக்கிவிடுங்கள். கல்லில் சாஸ் குளமாக நின்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள். மூன்று பேர்ப் பொட்டலத்தில் சாஸைத் தூளாகக் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. தூளில் தண்ணீரே இல்லை, சொதசொதப்புக்கு வழியே இல்லாமல் போகிறது.

மேலே தூவ அங்கே ஆவோநோரி என்ற பச்சைக் கடற்பாசித் தூளும், பெனிஷோகா என்ற சிவப்பு இஞ்சியும் வைப்பார்கள். ஆவோநோரிக்கு இணை நம்மிடம் இல்லை. சூஷி சுற்றும் கறுப்புத் தாளைக் கிள்ளிப் போடுவது வேறு சுவை, அதைவிட ஒன்றும் போடாமல் விடலாம். தங்கையின் தோழிகள் யாராவது ஜப்பானிலிருந்து வந்தால் ஒரு சின்னப் பை கொண்டுவரச் சொல்லுங்கள், ஓராண்டு வரும். பெனிஷோகாவை வீட்டிலேயே செய்யலாம். அங்கே ஊமே என்ற காயை உப்பில் ஊறவைக்கும்போது கசியும் சிவந்த புளிநீரில் இஞ்சியை ஊறவைப்பார்கள். நாம் இளம் இஞ்சியைத் தீக்குச்சிபோல் நறுக்கி, உப்புப் பிசறி அரை மணி நேரம் கழித்துப் பிழிந்து, காடியும் எலுமிச்சைச் சாறும் ஒரு பீட்ரூட் துண்டும் போட்டு ஓர் இரவு வைத்தால் நிறமும் உறைப்பும் வந்துவிடும். சாஸின் இனிப்பை அந்த உறைப்பு வெட்ட வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முட்டை பிடிக்குமென்றால் அகிதா மாநிலத்து யோக்கோத்தே முறையில், மஞ்சள் கரு இளகியிருக்கும் ஒற்றைப்பக்கப் பொரியலை மேலே வைத்து உடைத்துக் கலந்து சாப்பிடுங்கள். ஓக்கயாமாவின் ஹிரூசென் மலைப்பகுதியில் வூஸ்டருக்குப் பதில் மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுது சேர்ந்த சாஸ், பன்றிக்குப் பதில் கோழி. எனக்கு மனத்துக்கு நெருக்கமானது ஃபுக்குஷிமாவின் நாமியே முறை: உடோன் என்ற பருமனான கோதுமை நூடுல்ஸ் அளவுக்குத் தடித்த நூடுல்ஸ், பன்றிக்கறி, பயறு முளை, மேலே மிளகாய்த்தூள், வேறெதுவும் இல்லை. 2011 மார்ச் அணு உலை விபத்தில் அந்த ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. ஊர் அலுவலகமே நிஹொன்மட்சு நகருக்குப் போனது. சிதறிப்போன மக்கள் கல்லையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு விழா விழாவாகப் போய் அந்த யாக்கிசோபாவைப் போட்டார்கள். 2013-இல் தோயோக்காவாவில் நடந்த பி-1 போட்டியில் முதலிடம் பெற்றார்கள். ஊரின் ஒரு பகுதிக்குத் திரும்ப அனுமதி கிடைத்ததே 2017 மார்ச் கடைசியில்தான். நம் வீட்டில் தடித்த ஸ்பகெட்டி இருந்தால் சோடா முறையில் இதைச் செய்து பார்க்கலாம். தடித்த இழை உள்ளே சூடேற நேரம் பிடிக்கும், முதல் வாட்டலை நான்கு நிமிடம் கொடுங்கள்.

மிஞ்சினால் தூக்கிப்போட வேண்டாம். நீளமான பன்னை நடுவில் பிளந்து, ஆறிய யாக்கிசோபாவை அடைத்து, சிவப்பு இஞ்சி நான்கு குச்சி வைத்தால் ஜப்பானியப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அடித்துப்பிடித்து வாங்கும் யாக்கிசோபா-பன். மாவுக்குள் மாவா என்று முதலில் தோன்றும். உருளைக்கிழங்கு அடைத்த பன்னைச் சாப்பிடுகிற நமக்கு இது பழகிவிடும்.

கடைசியாக, கல்லைப் பற்றி. சாஸில் காடியும் உப்பும் இருப்பதால் தோசைக்கல்லில் பழகிப் படிந்த எண்ணெய்ப் பூச்சை அது அரித்துவிடும். நாள்தோறும் தோசை வார்க்கும் கல்லில் செய்தால் மறுநாள் தோசை ஒட்டும், வீட்டில் கோபம்தான் மிஞ்சும். பழைய கல் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். வேறு கல் இல்லையென்றால், இறக்கியவுடன் சூடாக இருக்கும்போதே வெந்நீர் ஊற்றி, சோப்பு இல்லாமல் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து உலரவிட்டு, நல்லெண்ணெய் தடவி வையுங்கள். காலையில் முதல் தோசைக்கு முன் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு இரண்டு சுற்றுத் தேய்த்துவிடுங்கள்.